ஸ்வேட் ஷூவுல மீன்கொழம்பு எண்ணெயும் தண்ணி வளையமும், எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மட்டிப்பழம்:
வணக்கம் மக்களே, தக்கலை பக்கம் இருந்து எழுதுகேன். மணல் கலர்ல ஒரு ஸ்வேட் லோஃபர், அதாவது மேல பஞ்சு மாதிரி இருக்க தோலுல செஞ்ச கயிறு கெட்டாத ஷூ, அக்கா கல்யாணத்துக்குன்னு எடுத்தது. மறுவீட்டுச் சாப்பாட்டுல மீன்கொழம்பு வெளம்பும்போ வலது ஷூ மேல சிந்திட்டு, நம்ம ஊரு தேங்கா அரைச்ச கொழம்புல்லா, மேல எண்ணெய் மெதந்து கெடந்தது. பக்கத்து இலையில இருந்த ஒரு பெரியவரு நல்ல மனசோட ஒரு கிளாஸ் வெள்ளத்த ஊத்தி துவர்த்தால அழுத்தித் தொடச்சு விட்டாரு. இப்போ நடுவுல மஞ்சளா ஒரு எண்ணெய்ப் பொட்டு, அதைச் சுத்தி கருப்பா ஒரு வளையம், மேல உள்ள பஞ்சு எல்லாம் படிஞ்சு போய் வழுவழுன்னு இருக்கு. இடது ஷூவுல வேற திரும்பி வரும்போ மழையில செம்மண் தெறிச்சிருக்கு. நெட்ல ஒருத்தர் வினிகர்ங்காரு, ஒருத்தர் ஷாம்புங்காரு, இன்னொருத்தர் பென்சில் அழிக்க ரப்பர்ங்காரு, எது எதுக்குன்னு பிடிகிட்டல்ல. இன்னும் நான் ஒண்ணும் செய்யல்ல, அப்படியே நிழல்ல வச்சிருக்கேன். செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

வேளிமலை_காத்து:
இதுக்கெல்லாம் இம்புட்டு யோசிக்கணுமா மக்கா, வாளியில ஷாம்பு கலக்கி அரைமணி நேரம் ஊற வச்சு பிரஷ் போட்டு தேச்சு வெயில்ல காய வையி. எனக்க ஸ்போர்ட்ஸ் ஷூ எல்லாம் அப்படித்தான். எண்ணெய் போகல்லன்னா பஞ்சுல கொஞ்சம் பெட்ரோல் தொட்டு தொடச்சா போதும், எப்பேர்ப்பட்ட கிரீஸும் போயிரும்.

பழையாறு:
தம்பி மட்டிப்பழம், ஷாம்புவும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம், நீ ஒண்ணும் செய்யாம வச்சிருக்கது தான் இதுவரைக்கும் நடந்ததுல நல்ல காரியம். நான் ஆம்பூர்ல தோல் ஃபினிஷிங் வேலையில ஒருபாடு வருஷம் கெடந்தவன், இப்போ நாகர்கோவில்ல தான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுகேன், பொறுத்துக்கிடு.

சாதாரண கருப்பு ஷூ தோலுக்கு மேல ஒரு பூச்சு உண்டு, தண்ணியும் எண்ணெயும் அதுக்கு மேல தான் நிக்கும். ஸ்வேட்டுக்கு அந்தப் பூச்சு கெடையாது. தோலோட வெளிப்பொறம் இல்ல அது, பெரும்பாலும் கனமான தோல ரெண்டா பொளந்து கீழ்ப்பாதிய எடுத்து, உப்புத்தாள் மாதிரி உருளையில ஓட்டி நாரக் கெளப்பி விட்டது. ஆக நீ பாக்கது முழுக்க தொறந்து கெடக்குற நார். எது பட்டாலும் நேரா உள்ள போகும், அழுத்தித் தேச்சா இன்னும் ஆழமா போகும். வேளிமலைத் தம்பி சொன்ன ஸ்போர்ட்ஸ் ஷூ துணியும் பிளாஸ்டிக்கும், அத ஊற வைக்கலாம், இத ஊற வச்சா சாயம் எறங்கும், உள்ள உள்ள அட்டையும் பசையும் விட்டுரும், காஞ்ச பொறவு பலகை மாதிரி வெறைச்சுக்கிடும்.

இன்னொண்ணு, பதப்படுத்துன தோலு புளிப்புத் தன்மை உள்ளது, பி.ஹெச் பாத்தா ஏறக்குறைய 4 பக்கம் நிக்கும். துணி சோப்பு, சோப்புத்தூள் எல்லாம் காரம், புளிப்புக்கு நேர் எதிர். காரம் பட்டா தோலுக்குள்ள உள்ள எண்ணெயும் சாயமும் எளகும். அதனால தான் வினிகர்னு சொல்லுகது, அது புளிப்பு, தோலுக்கு ஒத்துப்போகும். ஆனா உனக்க கறைக்கு வினிகர் மொதல் மருந்து இல்ல. எண்ணெய்க்கு வினிகரால ஒண்ணும் ஆகாது. எண்ணெய்க்கு மாவு தான்.

பெட்ரோல் பத்தி: தீ பிடிக்கிற ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும், பங்க்ல விக்கிற பெட்ரோல்ல என்னென்னமோ கலந்திருக்கும், அது தோலுல தங்கும், வாடையும் போகாது. ஷூ அடிப்பாகத்த ஒட்டுன பசையையும் எளக்கும். தின்னரும் அப்படித்தான். வீட்டுல செய்யப்பிடாது.

தோவாளைப்பிச்சி:
அண்ணாச்சி சொன்னது சரி. எங்க வீட்டுல சலவைக்கடை வச்சிருக்கோம், தோல் சாமானும் வரும். மாவு எப்படிப் போடணும்னு நான் சொல்லுகேன் தம்பி.

மொதல்ல ஷூ முழுசா காஞ்சிருக்கணும், தொட்டா குளுகுளுன்னு இருந்தா இன்னும் காயல்லன்னு அர்த்தம். காஞ்ச பொறவு கொழம்புத் தூளு, மீன் துணுக்கு வல்லதும் ஒட்டியிருந்தா மழுங்கல் கத்தி முதுகால பைய சொரண்டி எடு. பொறவு சோளமாவு, கடையில கான்ஃப்ளவர்னு கேட்டா தருவான், அத எண்ணெய்ப் பொட்டு மேல கூட்டி வையி. தூவுனா போதாது, கறை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குமிச்சு வைக்கணும். விரலால லேசா அமுக்கி விடு, தேய்க்காதே. ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலத்த பழைய டூத் பிரஷ்ஷால இல்ல, புதுசு ஒண்ணு வாங்கி அதால தட்டி விடு. பழசுல பேஸ்ட் தங்கியிருக்கும், பேஸ்ட்டே ஒரு கறையாயிரும்.

மாவு கட்டிகட்டியா மஞ்சளா வந்தா எண்ணெய இழுக்குதுன்னு அர்த்தம். வெள்ளையாவே வந்தா அன்னைக்கோட முடிஞ்சு. இழுக்குற வரைக்கும் புதுமாவு மாத்தி மாத்தி வையி. முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரும் செய்யும், ஆனா கருப்பு ஷூவுக்கு அது வேண்டாம், வெள்ளை தங்கிரும். கோதம்பு மாவும் பச்சரிசி மாவும் போடாதீங்க, குருணையா இருக்கும், நாருக்குள்ள மாட்டிக்கிட்டு மழைக்காலத்துல பூசணம் பிடிக்கும்.

பழையாறு:
பிச்சி சொன்னதோட ஒரு விசயம் சேக்கேன். உங்க கறை தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா ஒறைஞ்சிரும். நம்ம ஊருல சாதாரணமா ஒறையாது, ஆனா ராத்திரி ஏசி ரூம்ல ஷூவ வச்சியன்னா நாருக்குள்ள மெழுகாட்டம் ஒறைஞ்சு போய் கெடக்கும், மேல எவ்வளவு மாவு கொட்டுனாலும் இழுக்காது. அடுக்களைப் பக்கமா, கொஞ்சம் வெதுவெதுப்பா உள்ள எடத்துல வையி, அடுப்புக்குக் கிட்ட இல்ல கேட்டியா. எண்ணெய் எளகி இருந்தா தான் மாவு குடிக்கும்.

குலசேகரம்_ரப்பர்:
நல்ல இழை. நான் கேக்க நெனச்சதே இதுதான், எனக்கு எண்ணெய் இல்ல, ரப்பர் பால். தோட்டத்துக்குப் போடுற பூட் ஸ்வேட் மாதிரி தான் இருக்கும், வளைகுடாவுல இருந்து மச்சான் கொண்டு வந்தது. காலத்த பால் எடுக்கும்போ வாளியில இருந்து தெறிச்சா ஒடனே துணியால தொடைக்கலாமா, இல்ல காயட்டும்னு விடலாமா? தொடைச்சா வெள்ளையா பரவுது, விட்டா கருப்பா பிடிச்சுக்கிடுது.

கல்ஃப்_ரிட்டர்ன்:
குலசேகரம் அண்ணே, அது டெசர்ட் பூட்டா இருக்கும். 1950ல இங்கிலாந்துல இருந்து வந்த மாடல், அதோட அடிப்பாகம் கிரேப் ரப்பர், அதாவது நம்ம தோட்டத்துப் பால ஒறைய வச்சு ரோலர்ல ஓட்டி எடுக்குற அதே சாதனம். அங்க பாலைவனப் புழுதி படும், நான் பிரஷ் மட்டும் தான் போடுவேன், தண்ணியே காட்டினது இல்ல. காஞ்ச புழுதிக்கு பிரஷ் போதும். ஒரே தெசையில, குதிகால்ல இருந்து விரல் பக்கமா.

பழையாறு:
ரப்பர் பாலுக்குச் சொல்லுகேன், இது நம்ம ஊருக்கே உள்ள கறை, வேற எடத்துல எவனும் எழுதி வைக்கமாட்டான். பால்ல மூணுல ஒரு பங்கு சுமாருக்கு ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. ஈரமா இருக்கும்போ துணியால தேச்சா அந்தத் தண்ணியோட சேந்து ரப்பர் துகள் நாருக்கு எடையில எறங்கி அங்கன வச்சு ஒறையும். பொறவு எடுக்க முடியாது. தெறிச்ச ஒடனே துணி நுனியால ஒத்தி எடு, ஒரு ஒத்து தான், தேய்க்காதே. மிச்சத்த நிழல்ல காய விடு. தொட்டா ஒட்டாத அளவு காஞ்ச பொறவு விரலால உருட்டுனா உருண்டையா சுருண்டு வரும்.

அப்பவும் வராத படலத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. காஞ்ச ரப்பரு ரப்பரோட தான் ஒட்டும். உங்க ஷெட்டுல சுத்தமான ஒட்டுப்பால் இருக்கும்லா, செரட்டையில காஞ்சு கெடக்கது, அதுல மண்ணு தூசி இல்லாத வெளுத்த துண்டா பாத்து வெட்டி எடுத்து அந்தப் படலத்து மேல சின்னதா உருட்டி உருட்டி இழு. ஒட்டிக்கிட்டு வந்துரும். கடையில ஸ்வேட் பிரஷ்னு விக்கான்லா, ஒரு பக்கம் பித்தளைக் கம்பி, ஒரு பக்கம் அலையலையா ரப்பர் இதழ் வச்சது, அந்த இதழும் கிரேப் ரப்பர் தான். வெளியூர்காரன் பெட்டி போட்டு விக்கிறத நம்ம தோட்டத்துலயே எடுக்கலாம்.

நல்லா அசிட் போட்டு ஒறைய வச்ச ஷீட்டு வேண்டாம், அசிட் மிச்சம் இருக்கலாம். கறுத்துப்போன ஒட்டுப்பாலும் வேண்டாம், அந்தக் கருப்பே ஷூவுல ஏறும்.

குலசேகரம்_ரப்பர்:
அண்ணாச்சி ரொம்ப நன்றி. காஞ்ச படலம் ஒண்ணு பழைய பூட்டுல இருந்தது, இப்பவே வெளுத்த ஒட்டுப்பால் துண்டு எடுத்து உருட்டிப் பாத்தேன், ஓரம் எல்லாம் நல்லா கிளம்பி வருது. நடுவுல கொஞ்சம் பிடிச்சு இருக்கு, அதையும் பைய எடுப்பேன். வெட்டுக்கு வர்ற ஆள்கள்கிட்டயும் சொல்லணும், எல்லாரும் மண்ணெண்ணெய் போட்டுல்லா தொடைக்காவ.

தோவாளைப்பிச்சி:
ஐயோ மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்கண்ணே, ரப்பர் எளகும், ஆனா அந்த எண்ணெயே பெரிய வட்டமா நிக்கும். ஒரு கறையப் போக்க இன்னொரு கறை.

மட்டிப்பழம்:
அக்கா, அண்ணாச்சி, மாவு வச்சேன். மொதல் தடவை மாவு முழுக்க மஞ்சக் கட்டியா வந்துச்சு, பொறவு கொறைஞ்சு கொறைஞ்சு கடேசியா வெள்ளையாவே வந்துட்டு. வழுவழுப்பு போயிட்டு, எண்ணெய் இல்ல. ஆனா மஞ்சள் நெறம் லேசா நிக்குது, வளையம் அப்படியே இருக்கு. இடது ஷூ செம்மண் காஞ்சிருக்கு. இனி சோப்பு லேசா தொடலாமா?

பழையாறு:
சோப்ப மறந்துரு. மஞ்சள்ல உள்ள சாயத்துக்குப் பேரு குர்குமின். அது காரம் பட்டா செவந்து போகும், சோப்பு போட்ட வேட்டியில மஞ்சக்கறை செவப்பா மாறுறத வீட்டுல பாத்திருப்ப. மஞ்சள் கறை செவப்புக் கறை ஆனா இன்னும் கஷ்டம்.

குர்குமின் தண்ணியில கரையாது, ஸ்பிரிட்ல கரையும். மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளு, நெறம் இல்லாததா பாத்து வாங்கு, நீலமா இருக்கதும் உண்டு, அது வேண்டாம். மொதல்ல ஷூவுக்கு உள்பக்கம், கால் படுற நாக்குக்குக் கீழ ஒரு பொட்டு வச்சு வெள்ளைத் துணியால ஒத்திப் பாரு. துணியில ஷூ கலர் எறங்குனா விட்டுரு, அந்தச் சாயம் ஸ்பிரிட் தாங்காது. எறங்கல்லன்னா கறை மேல ஒத்து. துணியில மஞ்சள் ஏறுனா சுத்தமான பக்கம் திருப்பி ஒத்து. கறைக்கு வெளியில இருந்து உள்பக்கமா வரணும், நடுவுல இருந்து வெளிய போனா பரவும். ஜன்னலத் தொறந்து வையி, அடுப்பு அணைச்சிருக்கணும்.

வேளிமலை_காத்து:
மஞ்சளுக்கு வெயில் தான் மருந்துன்னு அம்மா சொல்லுவா, வெள்ளச் சட்டையில பட்டா வெயில்ல போட்டா தானா போகும். ஷூவையும் வெயில்ல வச்சா என்ன? எல்லாரும் நிழல் நிழல்னு சொல்லுகீங்க.

தோவாளைப்பிச்சி:
அம்மா சொன்னது சட்டைக்கு ரொம்பச் சரி தம்பி, வெளிச்சம் பட்டா அந்தச் சாயம் செதையும். ஆனா ஸ்வேட்டோட சொந்தச் சாயமும் வெயில்ல வெளுக்கும்லா. ஒரு ஷூ மட்டும் வெயில்ல வச்சா சோடி ரெண்டு கலரா நிக்கும், நான் கடையில பாத்திருக்கேன்.

பழையாறு:
ரெண்டு பேரு சொல்லுகதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா ஈரமா இருக்கும்போ வெயில் காட்டுகதும் காஞ்ச பொறவு காட்டுகதும் வேற வேற. ஈரத் தோல வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வச்சா நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வெறைக்கும், அது அறவே பிடாது. முழுசா காஞ்ச ஷூவுக்கு, ஸ்பிரிட் போட்டும் மஞ்சள் நிக்குதுன்னா, காலத்த எளவெயில்ல கொஞ்ச நேரம் வைக்கலாம், ரெண்டு ஷூவையும் சேத்து, அடிக்கடி பாத்துக்கிட்டே. எனக்குக் கேட்டா மணல் கலர் ஷூவுல லேசான மஞ்சள் யார் கண்ணுக்கும் தெரியாது, அதுக்காக சாயத்த வெளுக்க விடவேண்டாம்னு தான் சொல்லுவேன்.

முட்டம்_அலை:
நடுவுல ஒரு கேள்வி. கடக்கரையில வேல, ஷூவுல கடத்தண்ணி படாம இருக்காது. காஞ்ச பொறவு வெள்ளையா கோடு கோடா உப்பு பூக்குது, பிரஷ் போட்டா போகுது, அடுத்த நாள் மறுபடியும் பூக்குது. ஏன்னு புரியல்ல.

பழையாறு:
உப்பு உள்ள இருக்கு, அதான். நீங்க பிரஷ் போட்டு எடுக்கது மேல வந்ததை. நம்ம கடக்கரைக் காத்துல ஈரம் எப்பவும் உண்டு, உப்பு அந்த ஈரத்த இழுத்து கரையும், காஞ்சா மறுபடி மேல வந்து பூக்கும். அதக் கரைச்சு வெளிய இழுக்கணும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. வெள்ளத் துணிய அதுல முக்கி நல்லா பிழிஞ்சு கோடு மேல ஒத்துங்க, பொறவு வெறும் தண்ணியில பிழிஞ்ச துணியால ஒத்துங்க, காய விடுங்க, பிரஷ் போடுங்க. மறுபடி பூத்தா மறுபடி. வினிகர் வாடை காஞ்சா போயிரும்.

களியக்காவிளை:
வினிகர்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கத்துல மீன் ஊறுகாய்க்கு வாங்குற சொறுக்கா, அதாவது வினிகர், ரெண்டு தரம் உண்டு, ஒண்ணு வெள்ளமாட்டம் தெளிஞ்சது, இன்னொண்ணு கள்ளுல இருந்து எடுக்கது, அது மங்கலா பழுப்பா இருக்கும். தெளிஞ்சத மட்டும் எடுங்க. கள்ளு சொறுக்கா பட்டா அதுக்கே பொறவு கறை எடுக்கணும்.

மட்டிப்பழம்:
ஸ்பிரிட் ஒத்துனேன், உள்ள சோதிச்சுப் பாத்துட்டு தான். துணியில மஞ்சள் நல்லா ஏறிச்சு, ஷூவுல இப்போ உத்துப் பாத்தா தான் தெரியுது. செம்மண்ணுக்கு பிரஷ் போட்டு பொறவு வெள்ளை அழிக்க ரப்பரால தேச்சேன், சுத்தமா போயிட்டு. இனி வளையம் மட்டும்.

தோவாளைப்பிச்சி:
வெள்ளை ரப்பர் எடுத்தது நல்லது. செவப்பு, பச்சை ரப்பர் எடுத்திருந்தா அந்தக் கலர் எறங்கும்.

பழையாறு:
வளையத்துக்கு வாறேன், இதுதான் எல்லாரும் குழம்புற எடம். தண்ணி பட்டா கறைன்னு நெனச்சு தண்ணிய கண்டாலே பயப்படுகாவ. தண்ணி கெடுக்கல்ல, ஒரு எடத்துல மட்டும் பட்ட தண்ணி தான் கெடுக்குது. நனைஞ்ச எடத்துல உள்ள சாயத்தையும் உப்பையும் அழுக்கையும் தண்ணி கரைச்சு, காயும்போ ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போய் அங்கன விட்டுட்டு ஆவியாகும். அந்த ஓரம் தான் உனக்க வளையம். நடுவுல எவ்வளவு தேச்சாலும் போகாது. அந்த ஓரமே இல்லாம ஆக்கணும்.

எப்படின்னா, எண்ணெய் சுத்தமா போன பொறவு தான் இது, ஷூவுக்குள்ள வெள்ளைத் தாள் சுருட்டி நல்லா திணிச்சு உருவத்துக்குக் கொண்டு வா. நியூஸ் பேப்பர் வேண்டாம், வெளிர் கலர் ஷூவுல மை ஏறும். துணி தேய்க்க தண்ணி தெளிக்கிற பாட்டில்ல சுத்தத் தண்ணி எடுத்து முன்பாகம் முழுக்க, தையல்ல இருந்து தையல் வரைக்கும், பனி விழுந்த மாதிரி லேசா ஒரே சீரா தெளி. ஒரு எடம் விடாம நனையணும், ஆனா சொட்டப்பிடாது. ஸ்பாஞ்சு பிழிஞ்சு ஒத்தி சீராக்கு. வளையம் நனைஞ்ச எடத்தோட கலந்து மறையும். அப்படியே நிழல்ல, காத்தாடிக்குக் கீழ, ராத்திரி முழுக்க. தாள் நனைஞ்சா மாத்து. தையலுக்கு நடுவுல நிறுத்துனியன்னா அங்க புது வளையம் வரும், அதனால தான் தையல் வரைக்கும்னு சொல்லுகேன், தையல்ல ஓரம் நின்னா கண்ணுக்குத் தெரியாது. எடது ஷூவையும் அதே மாதிரி நனை, சோடி ஒத்துப் போகணும்.

கல்ஃப்_ரிட்டர்ன்:
காஞ்ச பொறவு பஞ்சு படிஞ்சு தான் கெடக்கும், அதுக்கு ஆவி காட்டணும்னு அங்க செருப்புக் கடைக்காரர் ஒருத்தர் செஞ்சு பாத்திருக்கேன். கெட்டில் வச்சு காட்டுவாரு.

தோவாளைப்பிச்சி:
நாங்க புட்டுக்குடம் தான். வெறும் தண்ணி கொதிக்க வச்சு மேல குழாய மாட்டாம விட்டா வாய் வழியா ஆவி ஒரே கம்பியா வரும், படிஞ்ச எடத்துக்கு மட்டும் காட்டலாம். ஒரு சாண் தள்ளிப் பிடி, எண்ணி அஞ்சாறு நொடி, ஈரம் ஏறப்பிடாது. ஒடனே பித்தளைக் கம்பி பிரஷ்ஷால எதிர்த் தெசையில லேசா கெளப்பி விட்டு பொறவு ஒரே தெசையில வாரி விடு. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், நார அறுத்துரும். கையில ஆவி அடிக்காம பாத்துக்கிடு தம்பி, துவர்த்து சுத்திக்கோ.

வேளிமலை_காத்து:
சரி, நான் சொன்ன ஷாம்பு எந்த ஸ்வேட்டுக்கும் ஆகாதா? எனக்க ஒரு சோடி இருக்கு, பாக்க ஸ்வேட் தான், நனைச்சுக் கழுவி இருக்கேன், ஒண்ணும் ஆகல்ல.

பழையாறு:
அது செயற்கையா இருக்கும் தம்பி, பாலியெஸ்டர் நூலுல செஞ்சது. சந்தையில கொறஞ்ச வெலைக்கு ஸ்வேட்னு விக்கதுல ஒருபாடு அதுதான். வெட்டு ஓரத்தப் பாரு, தோலுன்னா கலைஞ்ச நாரா இருக்கும், செயற்கைன்னா பெரும்பாலும் துணி நெசவு தெரியும். பஞ்சு எல்லா எடத்துலயும் ஒரே நீளமா அச்சடிச்ச மாதிரி இருந்தாலும் செயற்கை தான். அதுக்கு லேசான சோப்புத் தண்ணி தாராளமா போடலாம், வினிகர் வேண்டியதே இல்ல. அதனால நீ உனக்க ஷூவுக்குச் செஞ்சது சரி, மட்டிப்பழம் ஷூவுக்கு தான் ஆகாது.

களியக்காவிளை:
வாழக்கறைக்கு வழி உண்டா? செவ்வாழைக் கொலை சொமந்து வண்டியில ஏத்தும்போ பட்டது, மாசக்கணக்கா இருக்கு. அதோட சக்கப் பிசினும் ஒரு பக்கம்.

பழையாறு:
சக்கப் பிசின் எடுக்கலாம். கையில ஒட்டுனா தேங்காயெண்ணெய் தடவுவோம்லா, ஷூவுக்கு அது பிடாது. கவருல போட்டு ஃபிரீசர்ல வையுங்க, கல்லாட்டம் எறுகுன பொறவு கத்தி முதுகால தட்டுனா ஒடைஞ்சு வரும், மிச்சத்துக்கு ஸ்பிரிட். சூயிங்கமும் மெழுகுவத்தி மெழுகும் அதே கணக்கு தான், கோயில் திருவிழாவுல மெழுகு சொட்டுனவங்களுக்கும் இதுதான் வழி.

வாழக்கறை போகாது. உள்ளதைச் சொல்லிருகேன். அது காத்துபட்டு கறுத்து நாரோடயே சாயமா ஒட்டிக்கிடும். அதப் போக்குற அளவுக்கு பிளீச் போட்டா ஷூ கலரும் போகும் தோலும் செத்துப்போகும். ஷூ நல்ல நெலமையில இருந்தா ஸ்வேட்டுக்குன்னே உள்ள சாயம் வாங்கி சோடியவே அடர் காப்பிக் கலருக்கு மாத்திருங்க, கறை அதுக்குள்ள ஒதுங்கிரும். சாதாரண ஷூ பாலிஷ் பூசாதீங்க, மெழுகு நாரெல்லாம் அடைச்சு ஸ்வேட்டாவே இருக்காது.

முட்டம்_அலை:
ரத்தக் கறைக்கு? கடேசில மீன் வேலையில அதுவும் உண்டு.

தோவாளைப்பிச்சி:
பச்சத் தண்ணி, சூடு காட்டவே பிடாது, சூடு பட்டா ரத்தம் வெந்து பிடிச்சுக்கிடும். ஒத்தி ஒத்தி எடுங்க, துணி மாத்தி மாத்தி. ஹைட்ரஜன் பெராக்ஸைடு சொல்லுவாங்க, அது கலர் ஷூவ வெளுக்கும், வெள்ளை ஸ்வேட்டுக்கு மட்டும் யோசிக்கலாம். மீன் நாத்தத்துக்கு அந்த வினிகர் தண்ணியே ஆகும்.

மட்டிப்பழம்:
வளையம் போயிட்டு! தையல் வரைக்கும் நனைச்சு காத்தாடிக்குக் கீழ வச்சேன், காலத்த பாத்தா ரெண்டு ஷூவும் ஒரே நெறம். புட்டுக்குடம் ஆவி காட்டி பிரஷ் போட்டதும் பஞ்சு எழும்பி நிக்குது. அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இனி மழை வரும், நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை அக்டோபர்லயும் மழை, அதுக்கு முன்னாடி வல்லதும் பூசி வைக்கணுமா? போன வருசம் பீரோவுல வச்ச பெல்ட்டுல எல்லாம் பச்சையா பூத்துட்டு.

கல்ஃப்_ரிட்டர்ன்:
ஸ்வேட் புரொடெக்டர்னு ஸ்பிரே கெடைக்கும், நான் அதான் அடிக்கேன். தண்ணி முத்து முத்தா நின்னு உருண்டு ஓடும்.

பழையாறு:
ஸ்பிரே நல்லது தான், ஆனா சுத்தமா காஞ்ச ஷூவுக்கு தான் அடிக்கணும், அழுக்கு மேல அடிச்சா அழுக்கையும் சேத்துப் பூட்டிரும். முற்றத்துல வச்சு அடி தம்பி, ரூமுக்குள்ள பிடாது, அந்தப் புகை நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல், பிள்ளைகள கிட்ட விடாதே. ஒரு சாணுக்குக் கொறையாம தள்ளிப் பிடிச்சு மெல்லிசா ஒரு தடவை, காஞ்ச பொறவு இன்னொரு தடவை. ராத்திரி முழுக்க தொடாதே. தண்ணிக்கு நல்லா நிக்கும், மீன்கொழம்பு எண்ணெய்க்குக் கொஞ்சம் நேரம் குடுக்கும், அவ்வளவு தான்.

பூசணத்துக்கு ஸ்பிரே போதாது. போட்டுக் கழட்டுன ஒடனே பீரோவுல வைக்காம ஒரு ராத்திரி காத்துல வையி. பொறவு பருத்தித் துணிப் பையில போடு, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிக்கும். மருந்து டப்பாவுல, பையில வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் எறியாம எடுத்து ஷூவுக்குள்ள போடு. ஏற்கெனவே பூத்திருந்தா வீட்டுக்கு வெளிய கொண்டு போய் மூக்குல துணி கெட்டிக்கிட்டு பிரஷ் போடு, உள்ள வச்சு தட்டுனா அந்தத் தூளு மத்த செருப்புல எல்லாம் ஏறும். பொறவு ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி கலந்து துணிய பிழிஞ்சு முழுக்க ஒத்து, நிழல்ல காய விடு.

முட்டம்_அலை:
ஸ்பிரே எத்தன நாளைக்கு நிக்கும் அண்ணாச்சி?

பழையாறு:
நாள் கணக்கு சொல்ல முடியாது, எவ்வளவு போடுகீங்க, எவ்வளவு பிரஷ் போடுகீங்கங்கத பொறுத்தது. குதிகால் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்தா நின்னா இன்னும் இருக்கு. பரந்து கறுத்துதுன்னா பிரஷ் போட்டு சுத்தம் செஞ்சிட்டு மறுபடி அடிச்சிருங்க.